பதிப்புரிமை நோட்டீஸ் எத்தனை நாளுக்குள் கைக்கு வர வேண்டும்? வேலூர் வட்டார இணையப் பயனர்களுக்கான கேள்வி பதில்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க இன்று பிராட்பேண்ட் போகாத தெரு குறைவு. லாட்ஜ், மாணவர் விடுதி, கல்யாண ஸ்டூடியோ என ஒரே இணைப்பைப் பலர் பயன்படுத்தும் இடங்களும் ஏராளம். "உங்கள் இணைப்பிலிருந்து ஒரு படம் அனுமதியில்லாமல் பகிரப்பட்டிருக்கிறது" என்று நோட்டீஸ் வந்தால் எல்லோரும் முதலில் படப்பெயரைத்தான் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தேதி. சம்பவம் என்றைக்கு நடந்தது, நோட்டீஸ் என்றைக்கு வந்தது, நடுவே எத்தனை நாள்? அந்த இடைவெளியைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

நோட்டீஸ் என்றால் எந்த நோட்டீஸ்?

நடைமுறையில் மூன்று வகை. ஒன்று, இணைப்பைத் தேடி வருவது. டோரன்டில் (ஒரே கோப்பைப் பலர் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிரும் முறை) படம் இறங்கும்போது, அதே கோப்பைப் பகிரும் கூட்டத்துக்குள் கண்காணிப்பு நிறுவனம் ஒன்று நுழைந்து, உங்கள் ஐபி முகவரியையும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நேரத்தையும் குறித்துக்கொண்டு, இணைய சேவை தரும் நிறுவனத்துக்கு எழுதும். இரண்டாவது, நீங்கள் யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ஏற்றிய பதிவுக்கு வருவது. மூன்றாவது, நேராக உங்கள் பெயருக்கே வரும் வக்கீல் நோட்டீஸ். மூன்றுக்கும் கெடு வேறு வேறு. டோரன்ட் நோட்டீஸுக்கு யூடியூப் விதியைப் பார்த்துப் பதில் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பயனருக்கு இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. நம் சட்டத்தில் நீக்குவதற்குக் கெடு இருக்கிறது; சம்பந்தப்பட்டவரிடம் சொல்வதற்குக் கெடு இல்லை. உரிமையாளர் அனுப்பும் புகாரை இணைய சேவை நிறுவனம் சந்தாதாரருக்கு இத்தனை நாளுக்குள் அனுப்பியே தீர வேண்டும் என்று 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் இல்லை, 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் இல்லை.

சற்று நெருங்கி வருவது 2021 பிப்ரவரி 25-ல் அறிவிக்கப்பட்ட இடைநிலை நிறுவனங்களுக்கான (பிறர் தரும் தகவலைச் சுமந்து செல்லும் சமூக ஊடகம், இணைய சேவை போன்றவை) விதிகள். 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள சமூக ஊடகம், தானாக முன்வந்து ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்பே ஏற்றியவருக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்று 4(8) விதி சொல்கிறது. "தானாக முன்வந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியிலிருந்து ஒருவர் புகார் கொடுத்து நீக்கப்படும்போது இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல அந்த வாசகம் இடம் தரவில்லை. ஊர்க் கேபிள்காரர் தரும் பிராட்பேண்டுக்கு அந்த விதி பொருந்தவே பொருந்தாது.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எப்படி என்பதைப் பின்னால் விளக்குகிறோம்.

36 மணி நேரம், 21 நாள் என்று சொல்கிறார்களே, அவை என்ன?

இரண்டும் நீக்குவது தொடர்பானவை. 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவும், 2013 பதிப்புரிமை விதிகளில் 75-ம் விதியும் சேர்ந்து சொல்வது இது: இணைப்பு தருவதற்காகத் தற்காலிகமாகச் சேமிக்கப்பட்ட பிரதி திருட்டுப் பிரதி என்று உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், அதில் கண்ட விவரங்கள் திருப்தியாக இருக்கும்பட்சத்தில், சேமித்து வைத்திருப்பவர் 36 மணி நேரத்துக்குள் அதை எட்டாமல் செய்ய வேண்டும். புகார் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் வரை, அல்லது நீதிமன்ற உத்தரவு வரும் வரை, எது முந்துகிறதோ அதுவரை அப்படியே வைத்திருக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வரவில்லை என்றால் மறுபடி திறந்துவிடலாம். உத்தரவைக் காட்டாத அதே புகார்தாரர் அதே படைப்பு, அதே இடம் பற்றி மீண்டும் எழுதினால் பதில் சொல்லக் கடமை இல்லை.

ஏன் எட்டவில்லை என்ற காரணத்தை, அந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர்களுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்றும் 75-ம் விதி சொல்கிறது. வழிப்போக்கருக்கு அறிவிப்பு உண்டு, ஏற்றியவருக்குத் தனிக் கடிதம் கிடையாது.

யூடியூப் போல நிரந்தரமாக வைத்திருக்கும் தளங்களுக்கு வழிகாட்டுவது 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு மைஸ்பேஸ் வழக்கில் தந்த தீர்ப்பு. எந்தப் படைப்பு, எந்த இடத்தில் என்று குறிப்பிட்டுச் சொல்லும் புகார் வந்தால் 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும். பொத்தாம்பொதுவான பட்டியல் போதாது என்பது அதன் சாரம். சென்னை உயர் நீதிமன்றமும் 2012 ஜூன் 22-ல் இதே திசையில் போனது. ஒரு படத்துக்காக முழுத் தளங்களையே முடக்கிய குழப்பத்துக்குப் பின், குறிப்பிட்ட இணைப்பு முகவரியை மட்டும், உரிமையாளர் விவரம் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தடுத்தால் போதும் என்று தெளிவுபடுத்தியது.

நோட்டீஸ் கொஞ்சம் தாமதமாக வந்தால் என்ன கெட்டுவிடும்?

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோட்டிலோ பாபு ராவ் தெருவிலோ உள்ள ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வரும் உறவினர்கள் ஒரு வாரம், பத்து நாள் தங்குகிறார்கள். முப்பது அறைக்கும் ஒரே வைஃபை, வரவேற்பு மேசையில் ஒட்டிய ஒரே பாஸ்வேர்ட். சம்பவம் நடந்து ஐந்தாவது நாள் நோட்டீஸ் வந்தால், அந்த அறைக்காரர் இன்னும் மாடியில்தான் இருப்பார். நேரில் கேட்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். ஐம்பதாவது நாள் வந்தால் அவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அதே அறையில் அதற்குப் பின் ஐந்து குடும்பம் தங்கிப் போயிருக்கும். ரூட்டரின் பதிவேடு எப்போதோ அழிந்திருக்கும். அப்போது லாட்ஜ்காரர் "நான் செய்யவில்லை" என்று சொல்லலாம், நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

வீட்டிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆன்லைன் பரீட்சைக்காக ஒருநாள் வைஃபை கேட்டு வாங்கியது பத்து நாளுக்குள் நினைவிருக்கும், மூன்று மாதம் கழித்து இருக்காது. தாமதம் உரிமையாளரைப் பாதிப்பதில்லை, அவர் கையில் அச்சடித்த ஆதாரம் இருக்கிறது. பயனரின் ஆதாரம் மட்டும்தான் நாளாக நாளாகக் கரைகிறது.

நோட்டீஸில் உள்ள நேரம் எங்கள் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. ஏன்?

பெரும்பாலும் அது இந்திய நேரமே இல்லை. கண்காணிப்பு நிறுவனங்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். "மார்ச் 3, 18:45 யூடிசி" என்றிருந்தால் நமக்கு அது மார்ச் 4 அதிகாலை 12:15. தேதியே மாறிவிடுகிறது. 204-ம் அறையை 3-ம் தேதி இரவு 8 மணிக்கு ஒருவர் காலி செய்து, 9 மணிக்கு இன்னொருவர் வந்திருந்தால், 18:45-ஐ அப்படியே மாலை 6:45 என்று படிப்பவர் குற்றமே செய்யாத பழைய விருந்தாளியைக் கைகாட்டிவிடுவார்.

இன்னொரு வழுக்கல் தேதி எழுதும் முறை. அமெரிக்க நிறுவனம் 03/04 என்று எழுதினால் மார்ச் 4. நாம் படிப்பது ஏப்ரல் 3. மாதப்பெயர் எழுத்தில் இல்லாத, நேர மண்டலம் குறிக்காத நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன், அந்த இரண்டையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை யார் பெயரையும் எழுத்தில் கொடுக்க வேண்டாம்.

ஐபி முகவரி என் பெயரில் இருந்தால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடுமா?

ஆகாது. முதலில், அந்த முகவரி உங்களுக்கு மட்டுமே சொந்தமா என்று பாருங்கள். ரூட்டர் அமைப்புப் பக்கத்தில் "வேன் ஐபி" (WAN IP) என்ற இடத்தில் இருக்கும் எண் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று பொருள். கைபேசி இணையத்திலும் சிறு கேபிள் பிராட்பேண்டுகளிலும் இது சர்வ சாதாரணம். அந்த நிலையில் முகவரியும் நேரமும் மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும், நேரம் வினாடி வரை சரியாக இருக்க வேண்டும். போர்ட் எண் இல்லாத நோட்டீஸை ஒரு நிறுவனம் உங்களுக்கு அனுப்பியிருந்தால், "எதை வைத்து என் இணைப்பு என்று முடிவு செய்தீர்கள்?" என்று கேட்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

கண்காணிப்பே தவறுவதும் உண்டு. 2008-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்தப் படத்தையும் இறக்க முடியாத அச்சு இயந்திரத்தின் ஐபி முகவரிக்குக்கூடப் பதிப்புரிமைப் புகார் வரவைக்க முடியும் என்று செய்துகாட்டினார்கள். பகிர்வோர் பட்டியலில் முகவரி இருந்ததை மட்டும் பார்த்து, கோப்பின் ஒரு துண்டையாவது வாங்கிச் சோதிக்காமல் புகார் எழுதுவதுதான் அதற்குக் காரணம்.

யார் யாரிடம் எத்தனை நாள் இணைப்புப் பதிவு (லாக்) இருக்கும்?

வீட்டு ரூட்டரில் மிகக் குறைவு. பதிவு அதன் தற்காலிக நினைவகத்தில் இருக்கும், கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான மாடல்களில் அழிந்துவிடும். கோடையில் நம் ஊரில் அது எத்தனை முறை என்று சொல்ல வேண்டியதில்லை.

இணைய சேவை நிறுவனங்களிடம் நெடுநாள் இருக்கும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை வைத்திருக்கும் காலத்தை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாக்கியது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை அரசு நேர சேவையகங்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. நிறுவனத்தின் நினைவு இரண்டு வருடம், உங்கள் ரூட்டரின் நினைவு அடுத்த மின்வெட்டு வரை. கெடு குறுகலாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

மற்ற நாடுகளில் என்ன கெடு வைத்திருக்கிறார்கள்?

நியூசிலாந்து இதை நன்றாக யோசித்திருக்கிறது. 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, சம்பவம் நடந்த 21 நாளுக்குள் உரிமையாளர் இணைய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அது 7 நாளுக்குள் பயனருக்கு அனுப்ப வேண்டும். ஆக, எவ்வளவு தாமதமானாலும் 28 நாள். முதல் நோட்டீஸுக்குப் பின் 28 நாள் திருந்துவதற்கான அவகாசம், அதற்குள் அடுத்த எச்சரிக்கை வராது. பயனர் மறுக்க 14 நாள். ஒவ்வொரு நோட்டீஸுக்கும் 25 டாலர் வரை உரிமையாளர் கட்ட வேண்டும் என்பதால் கண்மூடித்தனமாக ஆயிரக்கணக்கில் அனுப்ப முடியாது.

கனடாவில் 2015 ஜனவரி முதல், முடிந்தவரை விரைவாகப் பயனருக்கு அனுப்ப வேண்டும், பதிவை 6 மாதம் காக்க வேண்டும், வழக்கு வந்தால் ஓராண்டு. நாள் எண்ணிக்கை இல்லாதது குறைதான். ஆனால் நோட்டீஸில் சம்பவத் தேதியும் நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். பணம் கேட்டு மிரட்டும் வாசகம் இருக்கக்கூடாது என்று 2018 டிசம்பரில் சேர்த்தார்கள்.

பிரிட்டன் 2010-ல் இயற்றிய சட்டம் ஆதாரம் திரட்டிய பின் உரிமையாளருக்கு ஒரு மாதம், நிறுவனத்துக்கு ஒரு மாதம் என்று வைத்தது. கூட்டினால் அறுபது நாள். மேலே சொன்ன காந்தி ரோடு லாட்ஜில் அறுபது நாள் என்பது ஒரு யுகம். அந்த ஏற்பாடு கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. பிரான்சில் 6 மாதத்துக்கு மேற்பட்ட சம்பவங்களை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதுவும் எங்கள் பார்வையில் மிக நீளம்.

அப்படியானால் எது நியாயமான கெடு?

எங்கள் கணக்கு இது. சம்பவத்திலிருந்து 10 நாளுக்குள் உரிமையாளர் இணைய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஐபி முகவரியை மென்பொருள்தான் குறிக்கிறது, அன்றே குறித்ததை அனுப்ப மாதக்கணக்கில் தேவையில்லை. 10 நாள் என்பது ஒரு மனிதர் சரிபார்ப்பதற்காக. அடுத்த 7 நாளுக்குள் நிறுவனம் பயனருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெரிவிக்க வேண்டும். மொத்தம் 17 நாள். வீட்டில் யார் வந்தார், அறையில் யார் இருந்தார் என்பது பெரும்பாலோருக்கு அதற்குள் மறக்காது.

பயனர் பதில் சொல்ல 30 நாள். இதை மட்டும் நீட்டிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெயரில் இணைப்பு வைத்திருப்பவர் பெங்களூரில் வேலையில் இருப்பார், நோட்டீஸ் போவது திருவலத்தில் இருக்கும் பெற்றோருக்கு. இரண்டு நோட்டீஸுக்கு நடுவே நியூசிலாந்து போல 28 நாள் இடைவெளி. கெடு தாண்டி வரும் நோட்டீஸ் பயனரின் கணக்கில் எச்சரிக்கையாக ஏறக்கூடாது. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மேலே உள்ள எண்கள் எல்லாம் வெறும் அலங்காரம்.

24 மணி நேரத்திலேயே தெரிவித்துவிடலாமே?

பெரிய நிறுவனங்களால் முடியலாம். ஆனால் நம் பக்கத்துச் சிறு கேபிள் பிராட்பேண்டுகள் பல, மேலே ஒரு பெரிய நிறுவனத்திடம் இணைப்பை மொத்தமாக வாங்கித் தெருவுக்குப் பிரித்துத் தருபவை. போர்ட் பதிவு ஒருவரிடம், சந்தாதாரர் பட்டியல் இன்னொருவரிடம். இரண்டையும் ஒப்பிடாமல் அவசரத்தில் அனுப்பினால் தவறான வீட்டுக் கதவைத் தட்டும். 7 நாள் அந்த ஒப்பீட்டுக்கான நேரம்.

இன்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்ய?

மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அதன் முழுத் தலைப்பு விவரத்தோடு (ஹெடர்) சேமியுங்கள். கடிதமாக வந்திருந்தால் உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் முத்திரைத் தேதிதான் பின்னால் தாமதத்தைக் காட்டும். கடிதத்தின் மேல் நீங்கள் பெற்ற தேதியை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ரூட்டரை அணைக்கும் முன், அமைப்புப் பக்கத்தில் பதிவேட்டையும் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிந்தைய கைபேசிகள் வழக்கமாக ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. பிறகு வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்ட் இல்லாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை முடக்குங்கள்.

கணினியையோ கைபேசியையோ பயந்துபோய் துடைத்துவிடாதீர்கள். குற்றமற்றவருக்கு அது தன் சாட்சியைத் தானே அழிப்பது. வழக்கு வந்தால் வேண்டுமென்றே மறைத்ததாகத்தான் தோன்றும்.

பதிலில் என்ன எழுதலாம்?

சுருக்கமாக, ஒப்புக்கொள்ளாமல், கேள்வியாக. இப்படி எழுதினால் போதும்:

"தங்கள் ___ தேதியிட்ட நோட்டீஸ் ___ அன்று கிடைத்தது. அதில் குறிப்பிட்ட சம்பவம் ___ நாளுக்கு முந்தையது. சம்பவத்தின் இந்திய நேரம், போர்ட் எண், கோப்பின் அடையாளக் குறி, தாங்கள் உரிமையாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவர் என்பதற்கான ஆவணம் ஆகியவற்றைத் தரவும். இந்த இணைப்பை ஒருவருக்கு மேற்பட்டோர் பயன்படுத்துகின்றனர். இக்கடிதம் எந்தக் குற்றச்சாட்டையும் ஏற்பதாகாது."

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்றால் நீங்களே எழுதாமல் வக்கீலிடம் காட்டுங்கள். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

லாட்ஜ், விடுதி நடத்துகிறோம். முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

மேசையில் ஒட்டிய ஒரே பாஸ்வேர்டை முதலில் கிழியுங்கள். அறைக்கு ஒரு சீட்டு, காலி செய்யும் நேரத்தில் காலாவதியாகும் கடவு எண் என்று தரும் ஹாட்ஸ்பாட் ரூட்டர்கள் கிடைக்கின்றன. அதன் பதிவை ரூட்டருக்குள் வைக்காமல் அலுவலகக் கணினிக்கு அனுப்பும்படி அமையுங்கள். பதிவில் அறை எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் போதும். விருந்தாளி எந்தத் தளம் பார்த்தார் என்பது உங்களுக்கு வேண்டாம், அதைச் சேர்ப்பது வேறு தொல்லை. 180 நாள் வைத்துவிட்டு அழியுங்கள். வருகைப் பதிவேட்டில் தேதியோடு மணியும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பத்திதான் மேலே சொன்ன 12:15 சிக்கலில் உங்களைக் காப்பாற்றும்.

யூடியூபில் வந்த ஸ்ட்ரைக்குக்கு என்ன கெடு?

இவை அந்த நிறுவனத்தின் சொந்த விதிகள், அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியவை. தானியங்கி முறையில் வரும் உரிமைக்கோரலை நீங்கள் மறுத்தால், கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள். அவர் நிராகரித்து நீங்கள் மேல்முறையீடு செய்தால் 7 நாள். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். ஆறாம் நாள் மறுத்தால் மறுத்த நாளிலிருந்துதான். வருமானம் வரும் சேனல்கள் கோட்டைவிடுவது இந்த ஐந்து நாளைத்தான்.

ஸ்ட்ரைக் என்பது வேறு, முறையான நீக்கல் புகார். 90 நாள் கணக்கில் இருக்கும், மூன்று சேர்ந்தால் சேனலே போகும். நீக்கியது தவறு என்று நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுத்தால், புகார்தாரர் 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்பலாம். எதிர் அறிவிப்பில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகும் என்பதை மறக்காதீர்கள்.

புகார் கொடுப்பவர்களுக்கு அங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது: உடனே நீக்காமல், ஏற்றியவருக்கு 7 நாள் அவகாசம் கொடுத்து அனுப்பலாம். அவர் தானே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. உள்ளூர்க்காரர் மீது புகார் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்தியாவில் தளத்தின் குறைதீர் அலுவலரிடமும் போகலாம். 2021 விதிகள் வந்தபோது 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு என்றிருந்தது. அரசு இந்த நாள்களை அவ்வப்போது திருத்துவதால், புகார் கொடுக்கும் அன்று நடப்பில் உள்ள விதியைப் பாருங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம்.

கல்யாணத்தில் சினிமாப் பாட்டு போட விலக்கு உண்டே, அந்த வீடியோவுக்கு ஏன் கோரல் வருகிறது?

52(1)(இசட்ஏ) பிரிவு தரும் விலக்கு, சமயச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய மற்றச் சமூக விழாக்களிலும் பாட்டை ஒலிக்கச் செய்வதற்கு. அதைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது வேறு செயல். ஸ்டூடியோக்காரர்கள் குடும்பத்துக்குத் தரும் பிரதியில் பாட்டோடும், யூடியூப் பிரதியில் நாதஸ்வரத்தின் நேரடி ஒலியோடும் கொடுப்பது நல்ல பழக்கம். அந்த நாதஸ்வரக் கலைஞரிடமும் ஒரு வார்த்தை எழுதி வாங்கிவிடுங்கள்.

"5,000 ரூபாய் கட்டினால் வழக்கில்லை, 24 மணி நேரம்தான்" என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

கட்டாதீர்கள். இந்தியாவில் அப்படி எந்தச் சட்டக் கெடுவும் கிடையாது. படைப்பின் பெயர், சம்பவ நேரம், அனுப்பியவரின் அதிகாரம் மூன்றும் இல்லாமல் பணமும் அவசரமும் மட்டும் இருந்தால் அது மோசடி. கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

உண்மையான உரிமையாளர் என்றாலும் ஆதாரமில்லாமல் மிரட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ம் பிரிவு உங்களுக்கு உதவும். மிரட்டலை நிறுத்தவும் நஷ்டம் கேட்கவும் நீங்களே வழக்குப் போடலாம். அவர் சுறுசுறுப்பாக உரிமை வழக்கைத் தொடர்ந்து நடத்தினால் மட்டும் அந்த வழி அடைபடும்.

எங்கள் தெருக்கூத்தை யாரோ எடுத்துத் தன் சேனலில் போட்டுவிட்டார். நாங்கள் எப்படிப் புகார் கொடுப்பது?

பாரதக் கதை பொதுச் சொத்து; உங்கள் குழு ஆடியது உங்கள் சொத்து. நிகழ்த்துக் கலைஞரின் உரிமை 38-ம் பிரிவில், 50 ஆண்டுக்கு இருக்கிறது. புகாரில் எந்த ஊர், எந்த இரவு, எந்தக் கூத்து, வீடியோவின் முழு முகவரி, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, உங்கள் குழு என்பதற்குச் சான்று (கோயில் நோட்டீஸ், முன்பண ரசீது, மேடைப் புகைப்படம்) எல்லாம் இருக்கட்டும். "எங்கள் கூத்தெல்லாம் திருடுகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் 36 மணி நேரக் கடிகாரம் ஓடவே தொடங்காது. 75-ம் விதிப்படி கொடுக்கும் புகாரில், 21 நாளுக்குள் வழக்குப் போட்டு உத்தரவு தருவேன் என்ற உறுதிமொழியும் கட்டாயம். ஆகவே புகாரை அனுப்பும் முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள். 62-ம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது வேலூர்க்காரர் என்றால் சத்துவாச்சாரியிலேயே, வழக்குப் போடலாம். சென்னைக்கு ஓட வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பவத்துக்கு இப்போது வழக்கு வருமா?

வரலாம். நஷ்டஈட்டு வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் தருவது மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு. அதே சமயம் 55-ம் பிரிவு, பதிப்புரிமை இருப்பதே தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபிப்பவரிடமிருந்து தடையுத்தரவையும் லாபத்தின் முழுமையையோ ஒரு பகுதியையோ தவிர வேறு எதையும் வாங்க முடியாது என்கிறது. நோட்டீஸ் எப்போது வந்தது என்ற தேதி அங்கேயும் பேசும்.

வழக்குக்கு 3 ஆண்டு, நிறுவனத்தின் பதிவுக்கு 2 ஆண்டு. நடுவே ஓராண்டு, உங்களைக் காப்பாற்றக்கூடிய பதிவு இல்லாமலேயே உங்கள்மீது வழக்கு வரக்கூடிய காலம். எனவே நோட்டீஸ் வந்த வாரத்திலேயே இணைய நிறுவனத்துக்கு இன்னொரு கடிதமும் போடுங்கள்: "இன்ன தேதி, இன்ன நேரத்துக்கு என் கணக்கின் ஐபி மற்றும் போர்ட் ஒதுக்கீட்டுப் பதிவுகளைத் தகராறு முடியும் வரை அழிக்காமல் வைக்கவும்." அதன் ஒப்புகையை நோட்டீஸ் வந்த உறையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.